மதிலோர மலர்ச்செடிகளும் கவாத்து முறையும்

பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர் வழியாக நெய்வேலிக்குச் செல்லும் சாலையின் இருமருங்கும் செம்மண் நிலம். அதன்மேல் பலாவும் முந்திரியும். அச்செம்மண்ணின் தொடர்ச்சியிலேதான் நெய்வேலி நகரியமும் அமைந்துள்ளது. 1956ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பெற்ற பின்னர், சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் பணியாற்றுவோர்க்கென வட்டம் வட்டமாக வகுத்து எழுப்பப்பட்ட குடியிருப்பு அது. நிறுவனத்தின் பெயர் 2016இல் மாறிற்று; வட்டங்களின் எண்கள் மாறவில்லை. வீடு சிறிதாயினும் அதனைச் சுற்றிச் சிறிது மண்ணை விட்டுவைத்தது, அந்நகரியத்தை வகுத்தோர் செய்த பெரும் நன்மை எனலாம். அம்மண்ணில் மதிலையும் வேலியையும் ஒட்டிச் செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி, இட்லிப்பூ, காகிதப்பூ, மருதாணி முதலியவற்றை வரிசையாக நட்டு வளர்ப்பது வழக்கமாயிற்று. பண்ருட்டியின் மனைப்பிரிவுகளிலும் இவ்வழக்கம் பரவியுள்ளது.

நகரியத்து வீடு, பணி உள்ள வரைக்கும்தான் ஒருவர்க்கு உரியது. ஓய்வு பெற்றவர் சாவியை ஒப்படைத்துவிட்டுப் பண்ருட்டியிலோ வடலூரிலோ கடலூரிலோ சென்று குடியேறுவார். அவர் நட்ட செடி அங்கேயே நிற்கும். வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்களில் அது மதிலைத் தாண்டும்; சன்னலை மூடும்; நடைபாதையில் படுக்கும். அடுத்துக் குடிவருபவர்க்கு அதனை நட்டவர் யார், எந்தக் கிளையில் பூக்கும், எப்போது வெட்டலாம் என்பன தெரிவதில்லை. எனவே அவர் இரண்டிலொன்றைச் செய்கிறார்: வேரோடு பெயர்த்து எறிகிறார், அல்லது ஆள் வைத்து மேலாகக் கத்தரித்துவிடுகிறார். முன்னது, இருபது முப்பது ஆண்டுகளாக இறுகிய செம்மண்ணைத் துளைத்து இறங்கிய வேரை இழத்தல். அவ்வேர் இறங்கிய ஆழத்தை இன்று நடும் கன்று எட்டுவதற்குப் பல கோடைகள் கழிய வேண்டும். பின்னது அறிவுடைய செயல்போலத் தோன்றினும், செடியை மெல்ல மெல்லக் கெடுப்பது அதுவே. எவ்வாறு என்பதை முதலில் காண்போம்.

மேற்கத்தரிப்பின் கேடு

ஒவ்வொரு கிளையின் நுனிமொட்டிலும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் உண்டாகித் தண்டின் வழியே கீழிறங்குகிறது. அது இறங்கிக்கொண்டிருக்கும் வரையில் கீழ்க்கணுக்களில் உள்ள பக்கமொட்டுகள் உறங்கிக் கிடக்கும். நுனியை வெட்டினால் ஆக்சின் வரவு நின்று, வெட்டுக்கு அடுத்துக் கீழே உள்ள இரண்டு மூன்று மொட்டுகள் விழித்தெழும். ஒரு நுனி இருந்த இடத்தில் மூன்று நுனிகள் தோன்றும். அடுத்த மாதம் அம்மூன்றையும் அதே மட்டத்தில் கத்தரித்தால் ஒன்பதாகும். இவ்வாறு வேலியின் புறத்தே பசுமையான ஓர் ஓடு உண்டாகிறது. பார்வைக்கு அது மதில்போல ஒழுங்காக இருக்கும். ஆனால் அவ்வோட்டைத் தாண்டி வெயில் உள்ளே புகாது. வெயில் புகாத இடத்தில் இலை தங்காது. கையை விட்டு விலக்கிப் பார்த்தால் உள்ளே உலர்ந்த குச்சிகளும், அடியில் மொட்டையான கால்களும், இவற்றின்மேல் மாவுப்பூச்சியும் எறும்பும்தான் காணப்படும். செடி ஆண்டுதோறும் ஒரு சாண் பருக்குமேயன்றிக் குறையாது. வெட்டிய நுனிகளோடு பூமொட்டுகளும் போய்விடுவதால் ‘செடி பெரிதாயிற்று, பூ நின்றுவிட்டது’ என்ற குறையும் எழும். நீளத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, அரைநாளில் தெரு முழுவதையும் சீவிவிட்டுச் செல்பவரை நொந்து பயனில்லை. அவரிடம் அதைத்தானே கேட்டோம்!

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. வெட்டு, மேலிருந்து கீழ்நோக்கி வருதல் கூடாது. அடியிலிருந்து தொடங்க வேண்டும். நுனிகள் பலவற்றை நறுக்குவதினும் பழங்கிளைகள் சிலவற்றை முற்றாக நீக்குவதே செடியைச் சிறிதாக்கும். ஒளியையும் உள்ளே விடும்.

இதற்கு வழங்கும் சொல் ‘கவாத்து’. படைவீரர் அணிவகுத்துப் பயிலுதலையும் தமிழில் கவாத்து என்றே கூறுவர். அப்பொருளில் அது ‘கவாயித்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து உருதுவின் வழியே நம்மை வந்தடைந்தது. விதி, அடிப்படை எனப் பொருள்படும் ‘காயிதா’வின் பன்மை அது, அரபு எழுத்துகளைக் கற்பிக்கும் தொடக்கப் புத்தகத்துக்கும் காயிதா என்பதே பெயர். செடிக்குச் செய்யும் கவாத்தும் விதியறிந்து செய்வதாகவே இருத்தல் வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், ‘கிதாபுல் ஃபிலாஹா’ என்னும் தம் அரபு வேளாண் நூலில் ஒட்டுக்கட்டுதல், நீர்ப்பாய்ச்சுதல் ஆகியவற்றோடு கவாத்தையும் விரித்துரைத்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

பலாவும் முந்திரியும் தரும் பாடம்

எந்தக் கிளையை வெட்டலாம் என்பது, செடி எந்தக் கிளையில் பூக்கிறது என்பதைப் பொறுத்தது. பண்ருட்டி வட்டாரத்தார்க்கு இதனை விளக்குதல் எளிது. பலா தன் அடிமரத்திலும் முதிர்ந்த பெருங்கிளைகளிலும் காய்க்கிறது. முந்திரியோ அவ்வாண்டு விட்ட தளிரின் நுனியில் பூங்கொத்தை ஏந்துகிறது. பலாவின் முதிர்கிளையை அறுத்தவன் பழத்தை அறுத்தவனாவான். முந்திரியின் நுனித்தளிரைப் பூக்கும் பருவத்தில் ஒடித்தவன் கொட்டையை ஒடித்தவனாவான். ஒரே தோப்பில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மரங்களுக்கே விதி இவ்வாறு வேறுபடுமாயின், மதிலோரத்துச் செடிகள் அனைத்துக்கும் ஒரே நாளில் ஒரே மட்டத்தில் கத்தரி வைப்பது எவ்வாறு பொருந்தும்?

நம் வீட்டுப் பூச்செடிகளிற் பெரும்பாலானவை முந்திரியின் வகையைச் சேர்ந்தவை, புதுத்தளிரில் பூப்பவை. அதனால்தான் பழங்கிளைகளை நீக்கினாலும் அவை பூக்கத் தவறுவதில்லை. ஆனால் தளிர் விட்டு, முற்றி, மொட்டு வைக்கும் வரையில் அவற்றுக்குக் காலம் தர வேண்டும்.

செம்பருத்தி இவ்வகையில் மிகவும் பொறுமையானது. இளந்தண்டில் இலைக்காம்பு சேரும் கக்கத்தில் ஒவ்வொன்றாக மொட்டு வைக்கும். தளிர் நீளும் வரையில் பூ நிற்காது. முழங்கால் உயரத்துக்கு வெட்டினாலும் துளிர்த்துவிடும் ஆற்றல் உடையது. எனினும் முதிர்ந்த செடியை ஒரே நாளில் அவ்வாறு வெட்டினால் இலையின்றி உணவு சமைக்க வழியற்றுத் தளர்ந்துபோகும். மூன்றில் ஒரு பங்கு வெட்டுதலே நன்று. மாவுப்பூச்சி பிடித்து நுனி சுருண்ட கிளைகளை முதலில் வெட்டி, ஏனைய குப்பையோடு சேர்க்காமல் புதைத்துவிட வேண்டும்.

இட்லிப்பூவை எடுத்துக்கொள்வோம். பழந்தமிழர் வெட்சி என்றழைத்து, ஆநிரை கவரும் போர்த்திணைக்கே பெயராக வைத்த செடி. இன்று இட்லியின் பெயரைத் தாங்கி மதிலோரம் நிற்கிறது. கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிய குறிஞ்சிப்பாட்டிலும் இதற்கு இடமுண்டு. இது கிளையின் நுனியில் மட்டுமே கொத்தாகப் பூப்பது. மாதந்தோறும் நுனியைச் சீவுபவர் வீட்டில் இட்லிப்பூ பூப்பதில்லை என்பதற்குக் காரணம் இதுவே. வளர்ச்சியும் மெதுவானது, ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, வாடிய கொத்துகளுக்குக் கீழே இரண்டு கணு விட்டு வெட்டி, அடியில் முதிர்ந்த தண்டு ஒன்றிரண்டை நீக்கினால் போதும். இன்னொன்றும் கூறவேண்டும். இச்செடி புளிப்புத்தன்மை உள்ள மண்ணை விரும்புவது. நம் செம்மண் அதற்கு உகந்தது. ஆயினும் மதிலை ஒட்டி நிற்கும் இட்லிப்பூச் செடியின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் மஞ்சளாக வெளிறுவதைப் பலரும் கண்டிருப்பர். மதில் கட்டியபோது சிந்திப் புதைந்த சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கி, இரும்புச்சத்தை வேர் உறிஞ்சவிடாமல் தடுப்பதே பெரும்பாலும் இதன் காரணம். இதற்குக் கத்தரி மருந்தாகாது. அக்கட்டட இடிபாடுகளைத் தோண்டி எடுத்துவிட்டு மக்கிய இலைஉரம் இட வேண்டும்.

காகிதப்பூ தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 1760களில் உலகைச் சுற்றிய பிரெஞ்சுக் கடற்பயணத் தலைவர் புகேன்வில் என்பாரின் பெயரால் உலகெங்கும் அறியப்படுவது. நாம் பூ என்று காணும் வண்ண இதழ்கள் உண்மையில் பூவடி இலைகளே. அவற்றின் நடுவே வெண்குழல்போல நிற்பனவே பூக்கள். மண் சற்றுக் காய்ந்திருக்கும் காலத்தில்தான் இது பூத்துக் குலுங்கும். தோட்டத்தின் மற்றச் செடிகளுக்கு ஊற்றும் அளவுக்கு இதற்கும் நீரூற்றினால் முள்ளும் இலையும் நீளுமே தவிர வண்ணம் வாராது. ஒரு பூப்பு முடிந்ததும், சாட்டைபோல் நீண்ட கொடிகளை இரண்டு மூன்று கணுவளவு விட்டு வெட்டுதல் முறை. மதிலின்மேல் சாய்ந்து கிடக்கும் காகிதப்பூ, மழையில் நனைந்தால் பெருஞ்சுமையாகும் என்பதை மறத்தல் ஆகாது.

மல்லிகை இனத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. குண்டுமல்லியை நவம்பர் இறுதியில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டிவிட வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஜாதிமல்லிக்கு டிசம்பர் இறுதி. முல்லைக்கு ஜனவரி இறுதி. பூ விற்போர் தவறாமல் செய்யும் இதனை, வீட்டில் பந்தலேற்றி வளர்ப்போர் இரக்கத்தால் செய்யாமல் விட்டு, உயரத்தில் எட்டாத இடத்தில் பூக்கவிடுகின்றனர்.

டிசம்பர் பூச்செடியைப் புரட்டாசிக்குப் பிறகு தொடவே கூடாது. மார்கழிப் பூ போய்விடும். மாசியில் வெட்டலாம். கனகாம்பரம் சில ஆண்டுகளில் முற்றிக் கட்டையாகிவிடும். அதனை மீட்க முயல்வதினும், முதிர்ந்த காயின் விதை நீர்பட்டதும் வெடித்துச் சிதறிய இடத்தில் முளைத்த கன்றைப் பேணுவதே எளிது. நந்தியாவட்டையும் மருதாணியும் எவ்வளவு வெட்டினாலும் தழைப்பவை. மருதாணி வெட்ட வெட்டத்தான் அரைப்பதற்கேற்ற இளந்தழை தரும்.

அரளியைப் பற்றி மட்டும் எச்சரிக்கையோடு எழுத வேண்டியுள்ளது. வேர், தண்டு, இலை, பூ, பால் அனைத்தும் நஞ்சு. இதயத் துடிப்பைத் தாக்கும் நஞ்சு. வெட்டிய அரளித்தழையைத் தெருவோரம் குவித்துவைத்தால், அவ்வழியே மேயும் ஆடும் மாடும் அதைத் தின்று மடிய நேரிடும். வாடிய தழையிலும் நஞ்சு குறைவதில்லை. அடுப்பில் இடுதலும், குவித்து எரித்து அப்புகையைச் சுவாசித்தலும் தீங்கு. ஆடு மாடு எட்டாத இடத்தில் குழிதோண்டிப் புதைப்பதே தக்கது. வெட்டிய பின் கையையும் கத்தரியையும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்; குழந்தைகளை அருகில் விடலாகாது.

மூன்றாண்டுத் திட்டம்

கைவிடப்பட்டுப் பருத்த ஒரு வேலியை ஒரே ஆண்டில் சரிசெய்ய விரும்புவது இயல்பு. ஆனால் முப்பது ஆண்டு வளர்ச்சியை மூன்று ஆண்டுகளில் குறைப்பதே செடிக்கு ஏற்றது. முதலாண்டில் பட்டுப்போன குச்சிகள், ஒன்றோடொன்று உரசும் கிளைகள், நோயுற்றவை ஆகியவற்றை நீக்கிய பின், மிகப் பழைய அடித்தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அறுத்துவிட வேண்டும். வெயில் உள்ளே இறங்கும். அடியிலிருந்து இளந்தண்டுகள் எழும். அவற்றுள் நல்லனவாக மூன்று நான்கை நிறுத்திப் பிறவற்றைக் கிள்ளிவிடலாம். இரண்டாம் ஆண்டில் எஞ்சிய பழந்தண்டுகளில் பாதி. மூன்றாம் ஆண்டில் மீதி. மூன்றாண்டு முடிவில் வேர் பழையதாகவும் தண்டு அனைத்தும் புதியதாகவும் இருக்கும். இடையில் ஓராண்டேனும் வேலி வெறுமையாக நின்றிராது.

கருவியைப் பற்றிச் சில சொற்கள். அரிவாள் வெட்டு, தண்டைப் பிளக்கும். பிளந்த இடத்தில் நீர் தங்கி அழுகும். விரற்கனம் வரையில் கவாத்துக் கத்தரியும், அதற்கு மேற்பட்டதற்கு ரம்பமும் வேண்டும். வெளிநோக்கிய கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்ட வேண்டும். கனத்த கிளையை மேலிருந்து நேரே அறுத்தால், அறுந்து விழும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். எனவே முதலில் சிறிது தள்ளி அடிப்புறத்தில் பாதி அறுத்து, பின்னர் அதற்கு அப்பால் மேற்புறத்தில் அறுத்துப் பளுவை இறக்கி, இறுதியில் எஞ்சிய கட்டையைச் சீராக நீக்குவது முறை. பருத்த வெட்டுவாய்களுக்குப் போர்டோ பசை பூசலாம். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்துப் பின் கலந்தால் அது கிடைக்கும். இரும்புப் பாத்திரம் உதவாது. மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது. தீட்டிய கத்தியைக் கலவையில் சிறிது நேரம் வைத்தெடுக்கும்போது செம்புநிறம் படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

வெட்டத் தொடங்குமுன் ஒரு நீண்ட கோலால் புதரை நன்கு தட்ட வேண்டும். இலைச்சருகு மண்டிய அடிப்பகுதி பாம்புகளுக்கு உகந்த இடம். அதில் வெறுங்கையை நுழைப்பது மடமை. கூடுகளையும் பார்க்க வேண்டும். இலைகளைத் தைத்துக் கட்டும் தையற்சிட்டின் கூடும், கொடி நுனியில் தொங்கும் தேன்சிட்டின் கூடும் மதிலோரச் செடிகளில் அரியன அல்ல. முட்டையோ குஞ்சோ இருப்பின் அக்கிளையைச் சில வாரங்கள் விட்டுவைப்பதால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

காலம்

இவ்வட்டாரத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்வது. அதனோடு புயலும் வரும். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், பண்ருட்டிப் பகுதியின் பலாவையும் முந்திரியையும் தோப்புத் தோப்பாகச் சாய்த்ததை இங்குள்ளோர் மறக்கவில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின் மழையும் வந்தது. மேற்புறம் ஓடாக இறுகிய செடி, காற்றைத் தன்னூடே போகவிடாமல் பாய்மரம்போல் தாங்கும். ஈரத்தில் இளகிய மண்ணிலிருந்து வேரோடு சாயும். சிலவேளை மதிலையும் இழுத்துச் சாய்க்கும். ஆதலின் ஆவணியிலும் புரட்டாசித் தொடக்கத்திலும் உட்கிளைகளைக் களைந்து காற்றுக்கு வழிவிடுதல் வேண்டும். அப்போது செய்வது இலேசான கவாத்து மட்டுமே. அடித்தண்டுகளை அறுக்கும் வன்மையான கவாத்துக்கு மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களே உரியன; மண்ணில் ஈரம் இருக்கும், வெயிலும் ஏறியிராது. சித்திரையிலும் வைகாசியிலும் அதைச் செய்தால், நிழலிலேயே இருந்து பழகிய தண்டுகள் திடீரென்று வெயில்பட்டுப் பட்டை வெந்துபோகும். தவிர்க்க முடியாமல் அக்காலத்தில் வெட்ட நேர்ந்தால், வெளிப்பட்ட தண்டுகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவைப்பது காப்பாகும்.

வெட்டிய பின் ஒரு கூடை மக்கிய எருவிட்டு நீரூற்றி, நோயற்ற தழைகளை (அரளி நீங்கலாக) நறுக்கி வேரடியில் மூடாக்காகப் பரப்பலாம். செடியின் தண்டை ஒட்டாமல் நான்கு விரல் தள்ளிப் பரப்புவது நன்று.

இவ்வளவும் செய்தும் அடங்காத செடிகள் சில உண்டு. குறை கவாத்தில் இல்லை. நட்ட இடைவெளியில் உள்ளது. கன்றாக இருந்தபோது இரண்டடிக்கு ஒன்றாக நட்டவை, ஆறடி பரவும் இயல்புடைய செம்பருத்திகள். அத்தகைய வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்துவிடுவதே தீர்வு. மதிலிலிருந்து மூன்றடிக்குள் நிற்பவற்றை முதலில் எடுக்கலாம். பக்கத்து வீட்டின்மேல் சாயும் கிளையை, அவ்வீட்டாரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு, நாமே வெட்டிக் குப்பையையும் நாமே எடுத்துச் செல்வது பல மனத்தாங்கல்களைத் தவிர்க்கும். வேலிக்கென்று உன்னிச்செடியை விட்டுவைத்திருப்போர் அதனை மட்டும் தயங்காமல் வேரோடு எடுத்துவிடலாம். 19ஆம் நூற்றாண்டில் அழகுச்செடியாக இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அது, பறவைகள் தின்ற விதையால் பரவி இன்று மலைக்காடுகளையே அடைத்து நிற்கிறது.

எடுக்கப்படும் செடியும், ஓய்வு பெற்று வெளியேறுபவர் விட்டுச்செல்லும் செடியும் முற்றிலும் அழிந்துபோக வேண்டியதில்லை. கவாத்தின்போது விழும் செம்பருத்தி, நந்தியாவட்டை, காகிதப்பூ, மருதாணிக் கிளைகளில் பென்சில் கனமுள்ளவற்றை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, மேல்நுனியில் இரண்டு இலை மட்டும் விட்டு, அடிநுனியைக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, மணலும் செம்மண்ணும் கலந்த பையில் இரண்டு கணு புதையும்படி நடலாம். ஆடியிலும் ஆவணியிலும் நட்டால் மழைக்காலத்துக்குள் வேர்பிடிக்கும். நிழலில் வைத்து மண் காயாமல் நீர் தெளித்துவர வேண்டும். புதுத்தளிர் கண்டவுடன் வேர் வந்துவிட்டது என்று எண்ணிப் பெயர்த்தெடுப்பது அவசரம். தண்டில் சேர்ந்திருந்த உணவைக் கொண்டே முதல் தளிர் வருவதுண்டு. இரண்டு மாதம் கழித்து, தண்டை மெல்ல அசைத்துப் பார்க்கையில் அது மண்ணைப் பற்றி நிற்குமாயின், பையோடு எடுத்துச் சென்று புதுவீட்டு மதிலோரத்தில் நடலாம். இம்முறை ஆறடிக்கு ஒன்றாக.